அம்மப்பாவின் பதக்கங்களை வாசிப்பதும் உரியதைக் கேட்டு எழுதுவதும்: திருமலைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் தகரம் இருந்தது. அதற்குள் அம்மப்பாவின் இரண்டு பதக்கங்கள், ஒரு கறுப்பு வெள்ளைப் படம், மடிப்பு மடிப்பாகக் கிழிந்த ஒரு சின்னக் கடதாசி. "அம்மப்பா சண்டையில வீரப் பதக்கம் வாங்கினவர்" என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அம்மாவுக்கு வயது போகிறது, அதற்குள் சரியான விபரத்தைத் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று தொடங்கினேன். ஒன்றரை வருடம் பிடித்தது. பிழையான இடத்துக்கு எழுதினேன். கொடுக்கத் தேவையில்லாத காசைக் கொடுத்தேன். ஒரே பிறப்புச் சான்றிதழை மூன்று தடவை எடுத்தேன்.

திருமலையில், அதாவது திருகோணமலையில், இப்படி ஒரு தகரம் பல வீடுகளில் இருக்கும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்ட காலத்தில், இந்த ஊரில் ஏதோ ஒரு சீருடையோடு தொடர்பில்லாத குடும்பம் குறைவு. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் கீழே உள்ள ஒழுங்கிலேயே செய்யுங்கள். ஒழுங்கு மாறினால் காசும் காலமும் போகும்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பதக்கங்கள் ஒருவர் எங்கே, எந்தக் காலத்தில், எவ்வளவு நாள் பணியில் நின்றார் என்பதற்காகக் கொடுக்கப்பட்டவை. வீரச் செயலுக்கென்று கொடுத்தவை வேறு, அவை மிகக் குறைவு. இந்த வித்தியாசம் தெரியாமல் தேடினால் எந்தக் கந்தோரில் எதைக் கேட்பது என்பதே பிடிபடாது.

1. முதல் நாள்: தொடாதீர்கள், படம் எடுங்கள்

எங்கள் வீட்டில் பொங்கலுக்குப் பித்தளைச் சாமான் மினுக்கும்போது பதக்கங்களையும் புளி போட்டுத் தேய்ப்பது வழக்கம். அம்மம்மா தொடங்கியது, அம்மா தொடர்ந்தார். அன்பால் செய்த வேலைதான். ஆனால் நாற்பது வருடப் புளியில் நட்சத்திரத்தின் எழுத்துகள் கிட்டத்தட்ட அழிந்துவிட்டன. புளி, எலுமிச்சை, சாம்பல், பிராஸோ எதுவும் வேண்டாம். பல் துலக்கும் பிரஷும் வேண்டாம்.

கைபேசியால் நான்கு விதமாகப் படம் எடுங்கள்: முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு, நாடா. வட்டப் பதக்கமென்றால் விளிம்பைச் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். பெயரும் இலக்கமும் பொறித்திருந்தால் அங்கேதான் இருக்கும். தேய்ந்துபோன எழுத்துக்கு ஒரு வழி உண்டு. இரவில் லைட்டை அணைத்துவிட்டு டோர்ச்சை மேலே பிடிக்காமல், பதக்கத்துக்குப் பக்கவாட்டில், மேசையோடு சாய்த்துப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மேடுகளின் நிழல் விழும். அம்மப்பாவின் நட்சத்திரத்தில் 'ஆபிரிக்கா' என்ற ஆங்கிலச் சொல்லின் நடு மூன்று எழுத்தை அப்படித்தான் கண்டுபிடித்தேன். அந்த மூன்று எழுத்துத்தான் எங்கள் முழுத் தேடலையும் திருப்பியது.

நாடாவைக் கழற்றாதீர்கள். அது பிழையான நாடாவாக இருந்தாலும் அப்படியே விடுங்கள், படம் எடுத்த பிறகு பார்க்கலாம்.

தகரத்தில் உள்ள ஒரு கடதாசியையும் எறியாதீர்கள். பிரிட்டிஷ் தரைப்படை பதக்கங்களைச் சிறிய மட்டைப் பெட்டியில் தபாலில் அனுப்பியபோது, எத்தனை பதக்கம், என்னென்ன பதக்கம் என்று அச்சடித்த ஒரு துண்டுக் கடதாசியையும் உள்ளே வைத்தார்கள். பெயர் பொறிக்காத பதக்கத்தை விட அந்தத் துண்டு பெறுமதியானது. சம்பளப் புத்தகம் இருந்தால் இன்னும் நல்லது. அதில் படை இலக்கம் இருக்கும். அந்த இலக்கம் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

2. எந்தப் படை? இதை முடிவு செய்யாமல் ஒரு கடிதமும் எழுதாதீர்கள்

நான் விட்ட பெரிய பிழை இதுதான். "அம்மப்பா பிரிட்டிஷ்காரனிட்ட இருந்தவர்" என்ற ஒரு வார்த்தையை நம்பி லண்டனுக்கு எழுதிவிட்டேன். "எந்தப் படை, எந்த இலக்கம்?" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்த ஒரு வரிக்கு மூன்று மாதம் காத்திருந்தேன்.

திருமலையில் 'நேவியில இருந்தவர்' என்ற சொல்லுக்குப் பல அர்த்தம் உண்டு. டொக்யார்டில் ஃபிட்டராகவோ கிளார்க்காகவோ ஸ்டோர்காரராகவோ வேலை செய்தவரையும் அப்படித்தான் சொல்வோம். ஆனால் அவர் சிவில் ஊழியர். படையினருக்கான பதிவில் அவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. கிடைக்கவில்லையே என்று அவர் சேவையைக் குறைத்து நினைக்கவும் வேண்டாம், இடம்தான் வேறு. சேவை அட்டை, பென்ஷன் கடிதம் போன்றவற்றில் பதவிப் பெயரைப் பாருங்கள்.

சீருடை போட்டவர் என்றால் பொதுவாக மூன்று வாய்ப்பு:

முதலாவது, இலங்கைப் பாதுகாப்புப் படை. இலங்கை இலகு காலாட்படை, கரையோரப் பீரங்கிகளைப் பார்த்துக்கொண்ட காவற்படைப் பீரங்கிப் பிரிவு, பொறியியலாளர் பிரிவு எல்லாம் இதற்குள் வரும். 1949இல் இது இலங்கைத் தரைப்படையாக மாறியது.

இரண்டாவது, இலங்கைக் கடற்படைத் தொண்டர்கள். 1937இல் தொடங்கி, போர்க்காலத்தில் றோயல் நேவியோடு சேர்ந்து இயங்கி, 1950இல் றோயல் சிலோன் நேவியானது.

மூன்றாவது, பிரிட்டிஷ் தரைப்படையிலேயே நேரடியாகச் சேர்ந்தவர்கள். மத்திய கிழக்குக்குக் கப்பலேறிய பயனியர் கம்பனிக்காரர்கள், அதாவது படைக்கு வேண்டிய கட்டுமான, சுமை வேலைகளைச் செய்த பிரிவினர், இதில் வருவார்கள். எங்கள் அம்மப்பா இவர்களில் ஒருவர்.

இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பமென்றால் இந்தியத் தரைப்படையையும் சேர்த்துப் பாருங்கள். தொப்பிச் சின்னமும் தோள்பட்டையில் உள்ள உலோக எழுத்துகளும் பிரிவைக் காட்டிக்கொடுக்கும். பழைய படத்தை நல்ல தெளிவில் ஸ்கேன் செய்து பெருப்பித்துப் பாருங்கள். வாட்ஸப்பில் அனுப்பிய படத்தை வைத்துப் பார்க்காதீர்கள், அது சுருங்கி எழுத்துக் கலங்கிவிடும்.

3. பதக்கத்தை வாசித்தல்

இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களில் நம் வீடுகளில் அதிகம் கிடைப்பது இரண்டு வடிவம்: ஆறு முனை நட்சத்திரமும் வட்டப் பதக்கமும். நட்சத்திரம் செப்புக் கலவை, தங்கம் கலந்ததில்லை. நகைக்கடையில் காட்டி உரசிப் பார்க்காதீர்கள்.

எல்லா நட்சத்திரமும் பார்வைக்கு ஒன்றுதான். நடுவில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் முத்திரை எழுத்துகள், மேலே கிரீடம், சுற்றியுள்ள வளையத்தில் நட்சத்திரத்தின் பெயர். அந்த வளையத்தை மட்டும் நம்புங்கள். நாடா மாறிப்போவது சர்வசாதாரணம். எங்கள் ஆபிரிக்கா நட்சத்திரம் பாதுகாப்புப் பதக்கத்தின் பச்சையும் செம்மஞ்சளுமான நாடாவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

1939–45 நட்சத்திரம்: போர் நடவடிக்கைப் பகுதியில் ஆறு மாதம் அளவில் பணியாற்றியவர்களுக்கு. காயம்பட்டுத் திரும்பியவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் இந்தக் காலக் கணக்குத் தடையாகப் பார்க்கப்படவில்லை. நாடா கருநீலம், சிவப்பு, இளநீலம் என மூன்று சமமான பட்டை. கடல், தரை, வான் என்று மூன்று படைகளையும் குறிக்கும்.

ஆபிரிக்கா நட்சத்திரம்: 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரை வட ஆபிரிக்கப் போர்ப் பகுதியில் ஒரு நாள் பணியில் நின்றிருந்தாலும் போதும். நாடா பாலைவன மணல் நிறம், நடுவில் சிவப்பு, ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் இளநீலம். 'ஒரு நாள்' என்பதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். தம்பலகாமத்து வயலைத் தவிர வேறு ஒன்றும் காணாத ஒரு பொடியன், 1943 மேக்கு முதல் அந்த மணலில் நின்றிருக்கிறான் என்பதற்கு வேறு எந்தச் சாட்சியும் எங்களிடம் இருக்கவில்லை. நாடாவின் மேல் '8' என்ற சின்ன உலோக இலக்கம் இருந்தால், 1942 ஒக்டோபர் 23க்கும் 1943 மே 12க்கும் இடையில் பிரிட்டிஷாரின் எட்டாவது இராணுவத்தோடு நின்றவர் என்று அர்த்தம்.

பர்மா நட்சத்திரம்: 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை. தரைப்படைக்காரர் பர்மாவுக்குள்ளோ, குறிப்பிட்ட காலங்களில் வங்காளம், அசாம் பகுதியிலோ நின்றிருக்க வேண்டும். கடற்படைக்காரருக்கு வங்காள விரிகுடாப் பகுதியும் கணக்கில் வரும், அதனால் திருமலையிலிருந்து கப்பலேறியவர்கள் இதைக் கவனமாகப் பாருங்கள். பசிபிக் நட்சத்திரமும் பர்மா நட்சத்திரமும் ஒரே ஆளுக்குக் கொடுக்கவில்லை. இரண்டுக்கும் தகுதி இருந்தால் ஒன்று நட்சத்திரம், மற்றது அதன் நாடாவில் பெயர் எழுதிய சின்ன உலோகப் பட்டி. இரண்டு நட்சத்திரமும் ஒரே சட்டத்துக்குள் போட்டு 'ஒருவருடையது' என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

வட்டப் பதக்கங்களில் மன்னரின் தலையைப் பாருங்கள். முடி சூடிய தலை என்றால் போர்ப் பதக்கம், வெறுந்தலை என்றால் பாதுகாப்புப் பதக்கம். போர்ப் பதக்கத்தின் பின்பக்கம் இரட்டைத் தலை டிராகனின் மேல் ஒரு சிங்கம் நிற்கும். முழுநேரப் படைச் சேவை 28 நாள் இருந்தவர்களுக்கெல்லாம் அது உண்டு. பாதுகாப்புப் பதக்கம் சண்டை நடக்காத, ஆனால் தாக்குதல் அபாயத்தில் இருந்த இடங்களில் நீண்டகாலம் நின்றவர்களுக்கு. அதன் செம்மஞ்சள் குண்டுத் தீயையும், பச்சை நிலத்தையும், மெல்லிய கறுப்புக் கோடுகள் விளக்கணைத்த இரவுகளையும் குறிக்கின்றன. காலக் கணக்கு இடத்துக்கு இடம் மாறும், ஆகவே இதற்குத் தகுதி உண்டா இல்லையா என்று நாமே முடிவெடுக்காமல் விண்ணப்பத்தில் கேட்பதே நல்லது.

முட்டை வடிவ வெள்ளிப் பதக்கம் ஒன்று, மேலே 'சிலோன்' என்று எழுதிய தகட்டோடு இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். அது எஃபிசியன்சி மெடல், பகுதிநேரத் தொண்டர் படையில் 12 வருடம் ஒழுங்காகப் பணியாற்றியவருக்கு உரியது. போர்க்கால வருடங்களை இரட்டித்துக் கணக்கிட்டார்கள். விளிம்பில் இலக்கமும் பெயரும் இருக்கும்.

இங்கே ஒரு பொறி. பிரிட்டிஷ் படையினருக்குக் கொடுத்த இரண்டாம் உலகப் போர் நட்சத்திரங்களிலும் போர்ப் பதக்கத்திலும் பெயர் பொறிக்கவில்லை. இந்திய, அவுஸ்திரேலிய, தென்னாபிரிக்கப் படையினருடையதில் பொறித்தார்கள். பெயர் இல்லை என்பதால் போலி என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு வாங்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். என்னிடமே ஒருவர் அப்படிக் கேட்டார்.

4. படத்தில் உள்ள சட்டைக் கையை வாசித்தல்

எங்கள் வீட்டில் அம்மப்பாவை 'சார்ஜன்ட்' என்றுதான் சொல்வார்கள். காரணம் படத்தில் சட்டைக் கையில் வி வடிவக் கோடுகள் இருந்தன. ஆனால் அவை எந்த இடத்தில் இருக்கின்றன, எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதை யாரும் கவனிக்கவில்லை.

பிரிட்டிஷ் தரைப்படையில் பதவியைக் காட்டும் வி மேற்கையில், முனை கீழே பார்த்தபடி இருக்கும். மூன்று இருந்தால் சார்ஜன்ட். மணிக்கட்டுக்கு மேலே, வலது முன்கையில், முனை மேலே பார்த்தபடி இருக்கும் சிறிய சிவப்பு வி என்றால் அது போர்ச் சேவை வருடம். ஒவ்வொரு வருடத்துக்கும் ஒன்று. இது 1944இல்தான் வந்தது, அதனால் படம் எடுத்த காலத்தையும் சொல்லிவிடும். இடது முன்கையில் நிமிர்ந்து நிற்கும் சின்னப் பொன்னிறக் கோடு காயத்துக்கு உரியது. எத்தனை தடவை காயமோ அத்தனை கோடு. அம்மப்பாவின் வலது கையில் நான்கு வி, இடது கையில் ஒரு கோடு. சார்ஜன்ட் கதை போய்விட்டது. ஆனால் அவர் ஒரு தடவை காயப்பட்டவர் என்பதை அன்றுதான் அம்மா அறிந்தார். அவர் இடது காலை இழுத்து நடந்தது வாதத்தால் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

றோயல் நேவிச் சீருடையில் கணக்கு வேறு. இடது மேற்கையில் உள்ள வி பதவியைச் சொல்லாது, நன்னடத்தையோடு கழித்த வருடங்களைச் சொல்லும்: 3, 8, 13 வருடங்களுக்கு ஒவ்வொன்று. பதவியைச் சொல்வது நங்கூரம். ஒற்றை நங்கூரம் லீடிங் சீமன், குறுக்கே வைத்த இரட்டை நங்கூரம் பெட்டி ஒஃபிசர்.

நெஞ்சில் பதக்கமில்லாமல் நாடாத் துண்டுகள் மட்டும் இருந்தால் குழம்பாதீர்கள். ஆபிரிக்கா நட்சத்திரத்தின் நாடாவைப் போர் முடிய முன்பே, 1943இலிருந்து கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். உலோகம் பிறகுதான் வந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தை ஊகிக்கவும் வேண்டாம். அந்தக் காலப் பிலிம் சிலவற்றில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளிறியும் விழும். பட்டைகளின் எண்ணிக்கையையும் அகலத்தையும் ஒப்பிடுங்கள்.

இன்றைய சின்னங்களைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள், அதனால் இரண்டு விடயம். அமெரிக்கப் படையில் இருக்கும் மருமகனின் படத்தில் நீலப் பட்டையில் ஒரு நீளத் துப்பாக்கியும் சுற்றி இலை வளையமும் இருந்தால், அது 1943இல் ஏற்படுத்திய காலாட்படைச் சண்டைச் சின்னம். காலாட்படைக்காரராகவோ சிறப்புப் படைக்காரராகவோ நேரடிச் சண்டையில் நின்றவருக்கு மட்டும்தான் அது. மருத்துவப் பிரிவினர் தவிர்ந்த மற்றப் பிரிவுக்காரருக்கு 2005இல்தான் தனிச் சின்னம் வந்தது. அடுத்தது, நம் ஊரில் படை முகாம்களிலிருந்து வரும் கடிதங்களில் அதிகாரியின் பெயருக்குப் பின்னால் உள்ள சுருக்க எழுத்துகள். ஆர்டபிள்யூபி, ஆர்எஸ்பி என்பன ரண விக்ரம, ரண சூர என்ற வீரப் பதக்கங்கள். யூஎஸ்பி என்பது நீண்டகால, குற்றமற்ற சேவைக்குரிய உத்தம சேவா பதக்கம். பிஎஸ்சி (psc) பதக்கமே இல்லை, அது பணிநிலைக் கல்லூரிப் பயிற்சியை முடித்தவர் என்பதைக் காட்டும்.

5. 'வீரப் பதக்கம்' என்ற கதையைச் சரிபார்த்தல்

இதற்குக் காசே வேண்டாம். பிரிட்டிஷ் படையின் வீர விருதுகள் லண்டன் கெசட் என்ற அரச வர்த்தமானியில் வெளியாகும். அந்தப் பழைய கெசட்டுகள் இணையத்தில் இலவசமாகத் தேடலாம். இலக்கத்தைப் போட்டுத் தேடுங்கள், பெயரைப் போட்டுத் தேடினால் எழுத்துக்கூட்டல் காலை வாரிவிடும். மிலிட்டரி மெடல் போன்ற விருதென்றால் பதக்க விளிம்பிலும் பெயர் இருக்கும்.

போர்ப் பதக்கத்தின் நாடாவில் சின்ன வெண்கல ஓக் இலை ஒன்று குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். தளபதியின் அறிக்கையில் அவர் பெயர் குறிப்பிடப்பட்டது என்பதற்கு அது அடையாளம். இலை போல் இருப்பதால் அலங்காரம் என்று நினைத்துப் பலர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள்.

எங்கள் தேடலில் கெசட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை. அம்மாவிடம் சொல்லத் தயங்கி இரண்டு கிழமை இருந்தேன். சொன்னபோது அவர் அந்தப் பொன்னிறக் கோட்டைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

6. திருமலையில் எடுக்க வேண்டிய பத்திரங்கள்

சரி, இப்போது அலைச்சல். இறந்தவரின் சார்பில் விண்ணப்பிக்க இவை தேவைப்படும்:

இறந்தவரின் இறப்புச் சான்றிதழ். இல்லாவிட்டால் ஒன்றும் நகராது.

உறவைக் காட்டும் சங்கிலி. பேரப்பிள்ளை என்றால் உங்கள் பிறப்புச் சான்றிதழ், உங்கள் தாய் அல்லது தகப்பனின் பிறப்புச் சான்றிதழ், அம்மம்மாவின் விவாகச் சான்றிதழ். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் திருப்பி அனுப்புவார்கள்.

உங்கள் அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு.

உரிமை யாருக்கு என்பதைப் பாருங்கள். பேரப்பிள்ளைக்கு முன்னால் பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் மூத்தவர் கனடாவில் இருக்கும் பெரிய மாமா. அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் இல்லாமல் நான் அனுப்பிய முதல் விண்ணப்பம் அப்படியே நின்றது. குடும்பத்தில் முதலிலேயே பேசி முடியுங்கள். பதக்கம் யார் வீட்டில் இருக்கப்போகிறது என்பதையும் அப்போதே பேசிவிட்டால் பிறகு மனவருத்தம் வராது.

சான்றிதழ் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பகுதியில் எடுக்கலாம். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் அன்றே கிடைக்க வாய்ப்புண்டு. தெரியாவிட்டால் வருடம் வருடமாகத் தேட வைக்க வேண்டும், அதற்குக் கட்டணமும் கூடும். ஆகவே வீட்டில் உள்ள பழைய பிரதி எவ்வளவு கிழிந்திருந்தாலும் கையோடு கொண்டுபோங்கள். எடுக்கும்போதே மூன்று பிரதி எடுங்கள். நான் ஒவ்வொன்றாக எடுத்து மூன்று நாள் லீவு போட்டேன். யுத்தத்திலும் இடப்பெயர்விலும் பத்திரம் தொலைந்த குடும்பங்கள் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடு தொடங்குங்கள்.

தமிழிலோ சிங்களத்திலோ உள்ள சான்றிதழை சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும். பக்கக் கணக்கில் காசு வாங்குவார்கள், முதலே விலை கேளுங்கள். மொழிபெயர்க்கக் கொடுக்க முன், பெயரை எப்படி எழுத வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். படைப் பதிவில் உள்ள எழுத்துக்கூட்டலும் இதுவும் பொருந்த வேண்டும்.

பெயர்தான் நம் ஆட்களுக்கு உள்ள பெரிய சிக்கல். கந்தையா மகன் சின்னத்தம்பி என்று வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் சின்னத்தம்பி. படையில் சேர்ந்தபோது வெள்ளைக்காரக் கிளார்க் 'கந்தையா, எஸ்.' என்று எழுதியிருப்பான். இன்னொரு இடத்தில் தம்பி தனியாகப் பிரிந்து நிற்கும். இப்படி இருந்தால் 'இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும்' என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து, சமாதான நீதவான் முன் கையெழுத்திடுங்கள். தேடும்போதும் தகப்பன் பெயர், தன் பெயர் இரண்டையும் குடும்பப் பெயராக மாற்றி மாற்றிப் போட்டுத் தேடுங்கள்.

7. விண்ணப்பம், செலவு, காலம்

பிரிட்டிஷ் படையில் இருந்தவருக்கு இரண்டு தனித்தனி வேலை இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்பாதீர்கள்.

ஒன்று சேவைப் பதிவின் பிரதி. பாதுகாப்பு அமைச்சில் இருந்த பழைய பதிவுகள் 2022இலிருந்து கட்டங்கட்டமாக பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்துக்கு மாற்றப்படுகின்றன. பாதுகாப்பு அமைச்சு ஒரு பதிவுக்கு 30 பவுண்ஸ் வாங்கிவந்தது. உங்களுடையவரின் பதிவு இப்போது எங்கே, என்ன கட்டணம் என்பதை காசு கட்ட முன் இரண்டு தளத்திலும் பாருங்கள். பிறந்து 115 வருடம் ஆகாதவரின் பதிவுக்கு இறப்புச் சான்று கேட்பார்கள்.

மற்றது பதக்கம். பாதுகாப்பு அமைச்சின் பதக்கக் கந்தோரில் விண்ணப்பிக்க வேண்டும். இன்னும் வழங்கப்படாத பதக்கத்துக்குக் கட்டணம் கிடையாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வெளிநாட்டுக் கடதாசி அலுவல் பார்ப்பதாகச் சொன்ன ஒருவருக்கு நான் 15,000 ரூபா கொடுத்தேன். அவர் செய்தது இலவசப் படிவத்தை அச்செடுத்து என் பெயரை நிரப்பியது மட்டும்தான்.

வழங்கப்படாத பதக்கம் என்று ஒன்று இருக்குமா என்று கேட்பீர்கள். நிறைய உண்டு. போருக்குப் பிறகு பிரிட்டிஷ் தரைப்படைக்காரர்கள் தாங்களே விண்ணப்பித்துத்தான் பதக்கத்தைப் பெற வேண்டியிருந்தது. ஊருக்குத் திரும்பி வயலையும் வலையையும் பார்த்தவர்களில் பலர் எழுதவே இல்லை.

ஆனால் ஏற்கெனவே வழங்கி, பிறகு வீட்டில் தொலைந்த பதக்கத்தைப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் மறுபடி கொடுக்க மாட்டார்கள். அதனால்தான் அந்தத் துண்டுக் கடதாசியை முதலில் வாசிக்கச் சொன்னேன். எங்களுடையதில் 'நான்கு' என்று இருந்தது, தகரத்தில் இரண்டு. அதாவது நான்கும் வந்திருக்கின்றன, இரண்டு எங்கள் கையால் போயிருக்கின்றன. இதை முதலே புரிந்திருந்தால் பதக்கம் கேட்காமல், அவர் எந்தெந்தப் பதக்கங்களுக்கு உரியவர் என்ற தகுதிப் பட்டியலையும் சேவைப் பதிவையும் மட்டும் கேட்டிருப்பேன்.

இலங்கைப் பாதுகாப்புப் படையிலோ கடற்படைத் தொண்டர்களிலோ இருந்தவரென்றால், பதிவு லண்டனில்தான் இருக்கும் என்று எண்ணி உட்காராதீர்கள். கொழும்பில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அந்தக் காலக் கெசட்டுகளைப் பாருங்கள். தரைப்படைக்கும் கடற்படைக்கும் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டம் அது.

அனுப்பும்போது மூலப் பத்திரம் ஒன்றும் அனுப்பாதீர்கள், தெளிவான ஸ்கேன் போதும். மூலம்தான் வேண்டும் என்று எழுத்தில் கேட்டால் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள். வெளிநாட்டுக் கட்டணத்துக்கு நம் வங்கி அட்டை வேலை செய்யாமல் போகலாம், முதல் நாளே வங்கியில் சொல்லி வெளிநாட்டுக் கட்டண வசதியைத் திறந்து வையுங்கள். எனக்கு முழு விண்ணப்பம் போனதிலிருந்து பதில் வர ஏழு மாதம். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை நினைவூட்டி எழுதலாம், கிழமைக்கு ஒன்று எழுதிப் பயனில்லை.

8. பதில் வந்த பிறகு

தகுதிப் பட்டியல் கையில் இருந்தால் தொலைந்தவற்றின் பிரதிகளைப் பதக்க வியாபாரிகளிடம் வாங்கலாம், சரியான நாடாவும் தனியாகக் கிடைக்கும். பிரதி என்பதைச் சட்டத்தின் பின்னால் எழுதி ஒட்டுங்கள், நாளைக்கு நம் பிள்ளைகள் குழம்பக் கூடாது. கோர்க்கும் ஒழுங்கு: 1939–45 நட்சத்திரம் முதலில், அடுத்து ஆபிரிக்கா அல்லது பர்மா, பிறகு பாதுகாப்புப் பதக்கம், கடைசியில் போர்ப் பதக்கம். நினைவு நாளில் அணிவதென்றால் உறவினர் வலது நெஞ்சில் அணிவது பிரிட்டிஷ் வழக்கம். இடது நெஞ்சு பெற்றவருக்கு மட்டும் உரியது.

உங்களுடையவர் சேவையிலேயே இறந்தவர் என்றால், பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் தளத்தில் பெயரை இலவசமாகத் தேடுங்கள். நிலாவெளி வீதியில் உப்புவெளிக் கல்லறைக்கு ஒரு தடவை போய்வாருங்கள். கல்லில் வெட்டிய படைச் சின்னங்களைப் பார்த்தால், உங்கள் படத்தில் உள்ள தொப்பிச் சின்னத்தை ஒப்பிட வசதி. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் பழைய பீரங்கிகளோடு படம் எடுக்க நினைத்தால், அது படை முகாம், கேட்டுவிட்டு எடுங்கள்.

9. வைக்கும் இடம்

கடற்காற்று உலோகத்தைத் தின்னும். தகரத்துக்குள் மறுபடி போடாதீர்கள். துருவும் ஈரமும் அதற்குள்தான் சேரும். ரப்பர் பட்டி, பிளாஸ்டிக் உறை, பூச்சி உருண்டை எதுவும் பக்கத்தில் வேண்டாம். துவைத்துக் காய்ந்த வெள்ளைப் பருத்தித் துணியில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி, அமிலமில்லாத மட்டைப்பெட்டியில், மருந்துப் போத்தலில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பையோடு வையுங்கள். மாரிக்கு முன்னும் பின்னும் திறந்து பாருங்கள். தொடும்போது கை காய்ந்திருக்க வேண்டும், வியர்வை உப்பு அடையாளம் போடும்.

பழைய நாடாவை நாங்கள் எறியவில்லை. பச்சையும் செம்மஞ்சளுமான அந்தப் பிழையான நாடாவைத் தனியாகச் சுற்றி, "இது பாதுகாப்புப் பதக்கத்தின் நாடா, அந்தப் பதக்கம் தொலைந்துவிட்டது" என்று அம்மாவின் கையாலேயே எழுதி, திகதியும் போட்டு உள்ளே வைத்திருக்கிறோம். உங்கள் பெட்டியிலும் எது எங்கிருந்து வந்தது என்று ஒரு தாள் எழுதி வையுங்கள், பென்சிலால். பேனா மை ஈரத்தில் கரையும்.